எழுபது சென்ட் மனைகள்: நாஞ்சில் நாட்டுப் பேரூராட்சி ஒன்றில் வீடுகளின் வேகத்தை வரிசைப்படுத்திய நிகழ்வு

## களம்

வயல்கள் மனைகளாகி வீடுகளாகும் வேகத்தை ஒழுங்குபடுத்த முயன்ற ஒரு பேரூராட்சியைப் பற்றிய ஆய்வு இது. அந்தப் பேரூராட்சி நாகர்கோவிலை ஒட்டி இருக்கிறது. பெயரை எழுதவில்லை. இதில் வருகிறவர்கள் எல்லோரும் இன்றும் ஒரே கடையில் சாமான் வாங்கி, ஒரே கோயில் கொடைக்கு வரி கொடுத்து வாழ்கிறவர்கள். பேரூராட்சிக்காக நிலமட்ட வரைபடம் தயாரித்த சிறு குழுவில் நானும் இருந்தேன். கூட்டங்களில் பேசப்பட்டவை எனக்கு அப்படித்தான் தெரியவந்தன.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தில் 18,70,374 பேர் இருந்தார்கள். சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல். அவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கும் அதிகமானோர் நகர்ப்புறத்தவர் என்று அதே கணக்கெடுப்பு சொல்கிறது. படித்துவிட்டு நேரில் வருகிறவர்கள் திகைத்துப்போவார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகளே அந்த எண்ணிக்கைக்குக் காரணம். 2019இல் மாநகராட்சியான நாகர்கோவிலை விட்டு வெளியே வந்தால் தென்னந்தோப்பு, வீடு, வாழைத்தோட்டம், குளம், மறுபடி வீடு என்றுதான் ஊர் ஓடிக்கொண்டிருக்கும். இங்கே நகரம் ஓர் எல்லையிலிருந்து விரிவதில்லை. வயலுக்கு நடுவே அங்கங்கே முளைக்கிறது.

நாம் பேசும் நிலம் மூன்று படிகளாகச் சரிகிறது. சாலையோரம் செம்மண் மேடு. தென்னையும் மரச்சீனியும் (மரவள்ளி) நின்ற புன்செய். அதற்குக் கீழே குளத்துப் பாசனத்தில் இரண்டு பூ (போகம்) விளைந்த நடுவயல். கடைசியில் பழையாற்றில் சேரும் ஓடையை ஒட்டிய தாழ்வயல். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் தண்ணீர் புத்தன் அணை வழியாகக் கால்வாய்களில் பிரிந்து, அவற்றின் ஒரு கிளையில் இந்தக் குளத்துக்கு வரும். வழக்கமாக ஜூன் 1 அன்று அணை திறந்தால் கன்னிப்பூ, அது அறுத்தபின் கும்பப்பூ. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இங்கே பெய்வதால் குளம் ஆண்டில் இரண்டு முறை நிரம்பி மறுகால் பாயும். அந்தத் தண்ணீர் நடுவயலையும் தாழ்வயலையும் கடந்துதான் ஓடைக்குப் போகவேண்டும்.

ஒரு கணக்கை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு ஏக்கர் வயலில் அரை அடித் தண்ணீர் நின்றால் அது ஏறக்குறைய 6 லட்சம் லிட்டர். வரப்பு உயரத்துக்குள் அது ஓரிரு நாள் நின்று, மெதுவாக வடியும். அதே ஏக்கரை நாலடி உயர்த்தி மனையாக்க 1,74,240 கன அடி மண் வேண்டும். மூன்று யூனிட், அதாவது 300 கன அடி, கொள்ளும் டிப்பர் லாரியில் 580 நடை. அந்த மண் ஏதோ ஒரு குன்றிலிருந்து வெட்டப்படுகிறது. அந்த 6 லட்சம் லிட்டர் வேறு யாருடைய முற்றத்துக்கோ போகிறது.

## எழுபது சென்ட் எப்படி வந்தது

2016க்கு முன் இங்கே மனை பிரிப்பது எளிது. தரகர் வயலில் கல் நட்டுக் கயிறு பிடிப்பார், பத்திரம் பதிவாகிவிடும். 2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அந்த ஆண்டு அக்டோபர் 20 முதல், அத்தகைய மனைகளின் பதிவை மறுக்கச் சொல்லும் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு நடைமுறைக்கு வந்தது. 2017இல் பழைய மனைகளை வரன்முறைப்படுத்த விதிகள் வந்தன. 2019இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன. தேவையான சீர்திருத்தங்கள்தான் இவை. கண்ணை மூடிக்கொண்டு கல் நடும் காலம் முடிந்தது.

ஆனால் 2019 விதிகளில் ஒரு வாசல் இருக்கிறது. மனைப்பிரிவு 3,000 சதுர மீட்டருக்கு மேல் போனால்தான் பூங்கா, விளையாட்டிடத்துக்கான 10 சதவீத ஒதுக்கீடு பிறக்கிறது. 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் அதை நிலமாகவே கொடுத்தாகவேண்டும். பொருளாதாரத்தில் நலிந்தோருக்கான மனைகளும் அதில் ஒதுக்கவேண்டும். 3,000 சதுர மீட்டர் என்பது 74 சென்ட். ஆகவே நடுவயலில் வந்த விண்ணப்பங்கள் எல்லாம் எழுபது சென்ட், எழுபத்திரண்டு சென்ட் என்றே வந்தன. ஒரே ஆள் அண்ணன் பேரில் ஒன்று, மனைவி பேரில் ஒன்று, பங்காளி பேரில் ஒன்று என்று அடுத்தடுத்து கொடுத்தார். ஒவ்வொன்றும் விதிப்படி சரியாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் முறைப்படி அங்கீகாரம் கிடைத்தது. வரிசையாகப் பார்த்தால் ஒரு புதுத் தெருவே உருவாகியிருந்தது. அதில் ஒரு சென்ட் பொதுத் திடல் இல்லை, மழைநீர் போக ஒரு வழி இல்லை.

அந்த ஆண்டுகளில் இதையெல்லாம் சேர்த்துப் பார்க்க ஆளும் இல்லை. 2016 அக்டோபரில் முந்தைய மன்றங்களின் காலம் முடிந்தது. 2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடக்கும்வரை தமிழ்நாட்டுப் பேரூராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்பில் இருந்தன. விண்ணப்பம் வரும், கோப்பு நகரும். அலுவலர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒவ்வொரு கோப்பாகப் பார்க்கும்படி அமைந்த முறையில், கூட்டிப் பார்ப்பது யாருடைய வேலையாகவும் இல்லாமல் போனது.

## 2021 நவம்பர்

அந்த மாதம் மாவட்டம் முழுவதும் வெள்ளம். ரயில் பாதை தண்ணீரில் மூழ்கியது, சாலைகள் அறுந்தன. இந்தப் பேரூராட்சியில் குளம் மறுகால் பாய்ந்தது. நடுவயலில் கட்டியிருந்த வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்து நின்றது. மண்ணடித்து உயர்த்திய மனைகள் தப்பின. அவற்றுக்கு இடையே, வரப்பு மட்டத்திலேயே முன்னதாகக் கட்டிய வீடுகள் கிண்ணம்போல நிறைந்தன.

இரவில் சண்டை வந்தது. வீட்டுக்காரர்கள் ஓடைக்கரையை ஓரிடத்தில் வெட்டிவிடப் பார்த்தார்கள். வெட்டினால் தாழ்வயலில் நின்ற கும்பப்பூ பயிர் போய்விடும் என்று விவசாயிகள் மறித்தார்கள். போலீஸ் வந்து பிரித்துவிட்டது. கைக்குழந்தையோடு மாடிப்படியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், “எண்ணே, நாங்க கடன் வாங்கித்தான் எடம் வாங்கினோம், அப்ரூவல் பாத்துத்தான் வாங்கினோம்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சொன்னது முழு உண்மை. அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி மக்களுக்கு நாம்தான் கற்றுக்கொடுத்தோம், அவர் பார்த்தார்.

தண்ணீர் வடிந்தபின் குழு வேலை தொடங்கியது. சுவர்களில் சேற்றுக்கோடு காய்வதற்குள் ஒவ்வொரு வீட்டிலும் உயரத்தைக் குறித்தோம். மட்டம் பார்க்கும் கருவியை வைத்து நிலத்தின் சரிவை அளந்தோம். கண்டவை இவை. மறுகால் ஓடைக்கு வருவாய்த்துறைப் புலப்படத்தில் உள்ள அகலத்தில் பாதிதான் பல இடங்களில் தரையில் மிஞ்சியிருந்தது. புதுத் தெருக்கள் ஓடையைக் கடக்கும் இடங்களில் சிறுபாலத்துக்குப் பதில் சிமென்ட் குழாய் பதித்து மேலே மண் போட்டிருந்தார்கள். அவற்றில் வாழைத்தண்டும் பிளாஸ்டிக்கும் அடைத்துக் கிடந்தன. மனைகளில் பெரும்பகுதி காலி.

கடைசியாகச் சொன்னதுதான் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது. வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களும் திருவனந்தபுரம் பக்கத்தில் இருப்பவர்களும் சேமிப்பாக மனை வாங்கிப் போட்டிருந்தார்கள். வயல் மனையாகும் வேகம் ஒன்று, மனை வீடாகும் வேகம் வேறு. முதலாவது ஓடிக்கொண்டிருந்தது, இரண்டாவது நடந்துகொண்டிருந்தது. இடைப்பட்ட நிலத்தில் நெல்லும் இல்லை, குடியும் இல்லை, வேலிக்கருவையும் பாம்பும்தான். குடியிருப்புத் தேவைக்காக வயல் போகிறது என்ற வாதம் இந்த ஊரில் பாதிகூட உண்மையில்லை.

## மன்றத்தின் முன் இருந்த வழிகள்

2022 மார்ச்சில் புதிய மன்றம் பொறுப்பேற்றது. தலைவர் ஒரு பெண். வெள்ளத்தில் அவருடைய வார்டும் பாதிக்கப்பட்டிருந்தது. முதல் சில கூட்டங்களிலேயே இந்த விஷயம் வந்தது.

முழுத் தடை வேண்டும் என்று பாசன சங்கத்தார் கேட்டார்கள். கேரளத்தில் 2008இலேயே நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. அங்கே வயல்களின் விவரத் தொகுப்பும், ஊராட்சித் தலைவர், வேளாண் அலுவலர், விவசாயிகள் சேர்ந்த உள்ளூர்க் கண்காணிப்புக் குழுவும் உண்டு. களியக்காவிளை தாண்டினால் ஒரு சட்டம், தாண்டாவிட்டால் வேறு சட்டமா என்ற அவர்கள் கேள்வி நியாயமானது. தமிழ்நாட்டில் நெல்வயலுக்கென்று அப்படித் தனிச் சட்டம் இல்லை. 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-அ பிரிவு, திட்டப் பகுதிக்கு வெளியே விவசாய நிலத்தை மாற்ற முன் அனுமதி கேட்கிறது, அவ்வளவே. எல்லா விதிக்கும் உட்பட்ட விண்ணப்பத்தை “வயல் போகிறது” என்று ஒரு பேரூராட்சி மன்றம் மறுத்தால் நீதிமன்றத்தில் நிற்காது என்று வழக்கறிஞர் தெளிவாகச் சொன்னார்.

ஒன்றும் செய்யாமல் விடுவது இரண்டாவது வழி. மனை விற்பனையாளர்களும் சில உறுப்பினர்களும் அதை விரும்பினார்கள். நிலம் வைத்திருப்பவன் தன் நிலத்தை விற்கக்கூடாதா என்று அவர்கள் கேட்டதை எளிதில் தள்ளிவிட முடியாது. நெல் விளைவித்துக் கூலி கொடுத்து மிஞ்சுவது என்ன என்று தெரிந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் நிறையப் பேர்.

மூன்றாவது வழியைக் குழு முன்வைத்தது. வேகத்தை எண்ணிக்கையால் கட்டாமல், வசதியால் கட்டுவது. இதில் வெளிநாட்டு நகரங்களின் அனுபவம் உதவியது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ராமப்போ என்ற ஊர் 1969இல் ஒரு முறை கொண்டுவந்தது: கழிவுநீர், மழைநீர் வடிகால், சாலை, பூங்கா, தீயணைப்பு நிலையம் ஆகியவற்றுக்குப் புள்ளிகள், ஒரு மனைப்பிரிவுக்கு 15 புள்ளி சேர்ந்தால்தான் அனுமதி. ஊர் வசதி செய்து தரும்வரை காத்திருக்கலாம், அல்லது விண்ணப்பதாரரே அந்த வசதியைச் செய்து புள்ளியைச் சேர்த்துக்கொள்ளலாம். 1972இல் அந்த மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் அதை ஏற்றது. கலிபோர்னியாவின் பெட்டலூமா 1972இல் வேறு வழி எடுத்தது: ஆண்டுக்கு 500 வீடு, அவ்வளவுதான். கொலராடோவின் போல்டர் 1976இல் ஆண்டு வளர்ச்சியை 2 சதவீத அளவில் நிறுத்தப் பார்த்தது.

இவற்றை அப்படியே இறக்குமதி செய்ய யாரும் நினைக்கவில்லை. ஆண்டுக்கு இத்தனை வீடு என்று சொல்ல நம் பேரூராட்சிக்கு அதிகாரமே கிடையாது. அந்த ஊர்கள் பட்ட அடியைத்தான் முக்கியமாகப் பார்த்தோம். பெட்டலூமாவின் வரம்பு ஐந்து வீடும் அதற்கு மேலும் உள்ள திட்டங்களுக்குத்தான். நான்கு வீட்டுக்குக் கட்டுப்பாடு இல்லை. நம் 74 சென்ட் வாசலின் உடன்பிறப்பு அது. போல்டரில் வீட்டு விலை ஏறியது. அங்கே வேலை பார்ப்பவர்கள் பக்கத்து ஊர்களில் குடியேறி தினமும் வந்துபோனார்கள். ஒரு வரம்பு போட்டால் எந்த அளவுக்குக் கீழே தப்பிப்பார்கள், எந்த எல்லைக்கு அப்பால் போவார்கள் என்ற இரண்டு கேள்வியையும் முதலிலேயே கேட்டுவிட வேண்டும் என்பது அங்கிருந்து எடுத்துக்கொண்டது.

## எடுத்த முடிவும் அதன் காரணமும்

மன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. தன் கையில் உண்மையாகவே இருக்கும் கருவிகளை மட்டும் அது தொட்டது. மனைப்பிரிவுக்குத் தொழில்நுட்ப அனுமதி தருவது நகர் ஊரமைப்பு அலுவலகம். ஆனால் சாலைகளைத் தானமாகப் பெற்று இறுதி அங்கீகாரம் தருவதும், குடிநீர்க் குழாயை எந்தத் திசையில் நீட்டுவது என்று முடிவு செய்வதும், தெருவிளக்கும் சிறுபாலமும் எங்கே முதலில் போடுவது என்பதும் பேரூராட்சி.

முதல் முடிவு ஓடையைப் பற்றியது. வட்ட அலுவலக நில அளவர் வந்து மறுகால் ஓடையின் இரு கரையிலும் கல் நடும்வரை, அதை ஒட்டிய எந்த விண்ணப்பத்துக்கும் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று கேட்டுக் கடிதம் எழுதுவது. கல் நட்டபின் ஓடையைக் கடக்கும் எந்தத் தெருவும் முழு அகலச் சிறுபாலத்தோடுதான் வரவேண்டும், குழாய்க்கு இடமில்லை. எல்லாவற்றையும் விட இதற்குத்தான் எதிர்ப்பு குறைவாக இருந்தது. வெள்ளத்தை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

இரண்டாவது, வரிசை. பொதுப்பணம் மேட்டிலிருந்து கீழே இறங்கும். குடிநீர்க் குழாய், தார்ச்சாலை, விளக்கு எல்லாம் முதலில் செம்மண் மேட்டுக்கு. அங்கே பிரித்த மனைகளில் பாதியிலாவது வீடு எழும்பியபின் நடுவயலில் எஞ்சியதற்கு. தாழ்வயலுக்கு இந்த மன்றத்தின் காலத்தில் இல்லை. அங்கே விற்கக்கூடாது என்று யாரையும் சொல்லவில்லை. ஊர்ப்பணம் இப்போது அங்கே வராது என்று வெளிப்படையாகச் சொன்னது. “பாதி வீடு” என்ற நிபந்தனைக்குக் காரணம் மேலே சொன்ன காலி மனைகள்தான். மேட்டில் குடிநீர்க் குழாய் போன தெருவில் வீடு வராமல் கிடக்க, கீழே புதுக்குழாய் போடுவது பேரூராட்சியின் கஜானாவுக்கும் கேடு.

மூன்றாவது, எழுபது சென்ட்டுக்கு மறுபக்கத்திலிருந்து ஒரு வழி. அடுத்தடுத்து நிலம் உள்ளவர்கள் சேர்ந்து ஒரே மனைப்பிரிவாக வந்தால், சிறுபாலத்தையும் முதன்மைக் குழாயையும் பேரூராட்சி முந்திச் செய்து தரும். சேர்ந்தால் 10 சதவீதத் திடல் போகும் என்பது இழப்பு. வசதி முன்னால் வருவதால் மனை சீக்கிரம் விற்கும் என்பது லாபம். இந்த ஈடு பேசப்பட்டபோதுதான் விற்பனையாளர்கள் முதன்முதலாக நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்கள்.

## வாத்தியாரின் ஒரு ஏக்கர்

கூட்டங்களில் அடிக்கடி எழுந்து பேசியவர் ஓய்வுபெற்ற பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர். அவருக்கு நடுவயலின் அடிவிளிம்பில் ஒரு ஏக்கர். மகன்கள் வெளிநாட்டில். மனைவிக்குத் தொடர்ந்து சிகிச்சை. நிலத்தைப் பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுத்து விதைத்து வந்தவர் ஒரு முதியவர். தலைமுறையாக அந்த வயலில் இறங்கியவர். புதிய வரிசைப்படி வாத்தியாரின் நிலத்துக்கு இப்போதைக்கு வசதி வராது; விலை பேசிய தரகர் பின்வாங்கிவிட்டார்.

மன்றத்துக்கு அவர் எழுதிய கடிதம் கோபமில்லாத கடிதம். பக்கத்து நிலத்துக்காரர்கள் 2018இல் விற்றுக் காசாக்கிக்கொண்டார்கள், விதைத்துக்கொண்டிருந்ததற்காக நான் தண்டனை அனுபவிக்கிறேனா என்று கேட்டிருந்தார். வளர்ச்சியை வரிசைப்படுத்தும் எந்த ஏற்பாட்டிலும் இந்தக் கேள்வி இருந்தே தீரும். பொறுத்திருந்தவன்மேல் பாரம் விழுகிறது. இதற்குப் பதில் இல்லாத ஏற்பாட்டை நான் ஆதரிக்கமாட்டேன்.

பதில் கூட்டு மனைப்பிரிவில் கிடைத்தது. அவர் நிலத்துக்கு மேலே தொடர்ச்சியாகப் புன்செய் வைத்திருந்த இரண்டு குடும்பங்கள் அப்போது விண்ணப்பிக்கத் தயாராக இருந்தன. மூன்றும் சேர்ந்தால் 10,000 சதுர மீட்டரைத் தாண்டும், திடல் கொடுத்தாக வேண்டும். அந்தத் திடல் எங்கே இருப்பது? மேட்டில் கொடுத்தால் விலை போகும் மனை போகும். வாத்தியாரின் தாழ்ந்த பகுதியை, மறுகால் ஓடையை ஒட்டி, அப்படியே மண்ணடிக்காமல் திடலாகக் கொடுத்துவிட்டு, மேட்டில் பிரியும் மனைகளில் அவருக்குப் பங்கு. எந்த விகிதத்தில் என்பதுதான் இழுபறி. தாழ்ந்த நிலம்தானே என்று மேட்டுக்காரர்கள் குறைத்துச் சொன்னார்கள். அவர் நிலம் இல்லாமல் அவர்களுக்குச் சிறுபாலம் இல்லை என்பதை எடுத்துச்சொல்லிப் பேரூராட்சித் தலைவர்தான் மூன்று தரப்பையும் ஓரிடத்தில் நிறுத்தினார். பத்திரம் எழுதி, விண்ணப்பம் போனது, அனுமதியும் வந்தது. வாத்தியார் தமக்கு வந்த மனைகளில் சிலவற்றை விற்றுச் சிகிச்சைச் செலவைப் பார்த்தார்.

பாட்டக்காரரின் நிலை வேறு. “சார், ஒங்களுக்கு எடம் கெடச்சுது, தண்ணிக்கும் எடம் கெடச்சுது. எனக்கு?” என்று அவர் கேட்டதை வாத்தியாரே மன்றத்தில் சொன்னார். தமக்கு வந்த பணத்தில் ஒரு பகுதியை அவருக்குக் கொடுத்ததையும் சொன்னார். அது அந்த மனிதரின் நேர்மை. ஏற்பாட்டின் சிறப்பு அல்ல. பாட்டத்துக்கு உழுகிறவர் எந்தத் தாளிலும் இல்லாததால் எந்தப் பேச்சிலும் இல்லாமல் போனார்.

## பின்னர் நடந்தவை

2023 டிசம்பர் 17, 18இல் தென்மாவட்டங்களில் பெருமழை. குளம் மறுகால் பாய்ந்தது. கூட்டு மனைப்பிரிவின் திடலில் தண்ணீர் ஏறி நின்று வடிந்தது. மேட்டு வீடுகளில் ஏறவில்லை. நடுவயலின் பழைய தெருவில் தண்ணீர் வந்தது, 2021 கோட்டுக்குக் கீழேயே நின்றது. இதை வெற்றியாக நான் எழுதமாட்டேன். அந்த மழையின் முழு வேகம் தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கம் இறங்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்குக் கொட்டியது. நம் ஓடைக்கு அப்படியொரு சோதனை அப்போது வரவில்லை. முழு அகலச் சிறுபாலங்களில் குப்பை அடைக்கவில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

செம்மண் மேட்டில் சென்ட் விலை ஏறியது. எதிர்பார்த்ததுதான், ஆனாலும் வலித்தது. ஆட்டோ ஓட்டுகிறவர், ஜவுளிக்கடையில் நிற்கிறவர், ஊரிலேயே பிறந்து தனிக்குடித்தனம் பார்க்கும் இளம் தம்பதிகள் அங்கே வாங்க முடியாமல் தள்ளிப்போனார்கள். கூட்டு மனைப்பிரிவில் நலிந்தோருக்கென்று ஒதுக்கிய சிறுமனைகள் அவர்களில் சிலருக்குக் கிடைத்தன. எழுபது சென்ட் துண்டுகளாகவே எல்லாம் போயிருந்தால் அதுவும் கிடைத்திருக்காது.

2024 ஜூலையில் மாநில அரசு சுயசான்றிதழ் முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட இணையத்தில் உடனடி அனுமதி. மக்களுக்கு மிகப்பெரிய நிம்மதி. லஞ்சத்துக்கும் அலைச்சலுக்கும் முடிவு. 2,500 சதுர அடி என்றால் ஐந்தே முக்கால் சென்ட். இங்கே விற்கும் ஐந்து சென்ட் மனைகள் எல்லாமே அதற்குள் வந்துவிடும். இதன்பின் வீட்டு அனுமதி என்ற கட்டத்தில் வேகத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று எந்த உள்ளாட்சியும் நினைக்க முடியாது. மனை பிரிக்கும் கட்டத்தில் தவறவிட்டால் தவறவிட்டதுதான்.

இரண்டு ஓட்டைகளை அடைக்க முடியவில்லை. 2016 அக்டோபர் 20க்கு முன் பிரித்து, பிறகு வரன்முறையான மனைகள் தாழ்வயலிலும் சிதறிக் கிடந்தன. அவற்றில் வீடு கட்டுவது உரிமை. ஒன்றிரண்டு வீடுகள் வரப்பின்மேல் வழி போட்டு எழும்பின. மற்றது பெரியது. மன்றத்தின் வரிசை அறிவிக்கப்பட்டதும் விற்பனையாளர்களில் சிலர் எல்லையைத் தாண்டிப் பக்கத்துக் கிராம ஊராட்சியில் வயல் பார்த்தார்கள். அந்த ஊராட்சி குளத்துக்கு மேல்பக்கம். அங்கே மண்ணடித்த மனைகளின் தண்ணீர் இப்போது முன்பைவிட விரைவாக நம் குளத்துக்கு இறங்குகிறது. போல்டரைப் பற்றிப் பேசும்போதே இதை ஒருவர் எச்சரித்திருந்தார். பக்கத்து ஊராட்சியோடு பேச்சு நடந்தது. அவர்களுடைய கேள்வி, உங்கள் ஊரில் தெரு வந்தால் வளர்ச்சி, எங்கள் ஊரில் வந்தால் ஆபத்தா என்பது. அதில் நியாயம் இருந்தது.

## மாற்ற வேண்டியவை

பேரூராட்சி எல்லையை வைத்து வரிசை போட்டதுதான் இதன் பெரிய குறை. குளத்துக்குத் தண்ணீர் வரும் கால்வாய்க் கிளையின் தலையிலிருந்து ஓடை பழையாற்றில் சேரும் இடம்வரை ஒரே வரைபடம், ஒரே வரிசை என்று வைத்து, அதற்குள் வரும் எல்லா உள்ளாட்சிகளும் முதல் கூட்டத்திலிருந்தே உட்கார்ந்திருக்க வேண்டும். இதே மாவட்டத்தின் சுசீந்திரம்–தேரூர் நீர்நிலைத் தொகுதி 2022இல் உலக முக்கியத்துவம் கொண்ட ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபின் அந்தக் குளங்களைப் பற்றிப் பேச்சு கூடியிருக்கிறது. குளத்தின் நீர்ப்பரப்போடு நிற்காமல் வரத்துக்காலும் மறுகாலும் சேர்ந்தே பேசப்படுவதற்கு இது நல்ல நேரம்.

74 சென்ட் வாசல் மாநில விதியில் இருப்பது; அதை மாநிலம்தான் அடைக்க முடியும். ஒட்டிய நிலங்களில் குறிப்பிட்ட காலத்துக்குள் வரும் மனைப்பிரிவுகளைச் சேர்த்து ஒன்றாக எண்ணவேண்டும் என்று ஒரு வரி போதும். பேரூராட்சி தன் அளவில் செய்யக்கூடியது, அனுமதி பெற்ற மனைப்பிரிவுகளை எல்லாம் ஒரே புலப்படத்தில் வண்ணமிட்டு அலுவலகச் சுவரில் மாட்டி, ஒவ்வொரு புது விண்ணப்பத்தையும் அதன்மேல் வைத்துப் பார்ப்பது. எங்கள் வரைபடம் 2022இல்தான் மாட்டப்பட்டது. 2019இலேயே இருந்திருந்தால் நடுவயலின் தெரு வேறு மாதிரி வந்திருக்கும்.

“பாதி வீடு” நிபந்தனையை யார் எண்ணுவது, எப்போது எண்ணுவது என்று தீர்மானத்தில் எழுதவில்லை. சொத்துவரிப் பதிவேட்டிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை எடுத்து மன்றத்தில் வைப்பது என்று பின்னால்தான் வழக்கமானது. இடையில் சில மாதங்கள் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த எண்ணைச் சொன்னார்கள்.

மண்ணடிப்பதைக் கட்டடத்துக்கு முந்தைய சாதாரண வேலையாக விட்டதையும் மாற்றவேண்டும். வீட்டு அனுமதி உடனடியாகிவிட்ட நிலையில், நிலமட்டம் எவ்வளவு உயரலாம் என்பது மனைப்பிரிவு அங்கீகாரத்திலேயே அளவோடு எழுதப்படவேண்டும். பக்கத்து முற்றத்தின் மட்டமும் அந்தத் தாளில் இருக்கவேண்டும்.

பாட்டக்காரர்களின் பட்டியலை வேளாண் துறை, பாசன சங்கம், கிராம நிர்வாக அலுவலர் மூவரும் சேர்ந்து வரிசைக்கு முன்னரே தயாரிக்க வேண்டும். கூட்டு மனைப்பிரிவின் ஒப்பந்தத்தில் அவர்களுக்கான ஈடு ஒரு பத்தியாக இடம்பெற வேண்டும். பக்கத்துப் பேரூராட்சி ஒன்று இதே முறையைத் தொடங்கப்போகிறது. தீர்மான நகலோடு, அந்தப் பத்தியின் மாதிரியையும் எழுதி அவர்களுக்குக் கொடுத்திருக்கிறோம்.